இலைப்பேனும் அனந்தபூர் நிலக்கடலையும்

இலைப்பேன் என்ற பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். 2000ஆம் ஆண்டில் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் ஒரே பருவத்தில் 300 கோடி ரூபாய்க்கு மேல் நிலக்கடலை நாசமானதில் இதற்கும் பங்கு உண்டு. அந்தக் கதைக்கு முன் கொஞ்சம் பழைய வரலாறு.

1915ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் தக்காளிச் செடிகள் புள்ளி விழுந்து வாடின. 1927ல் பிட்மன் என்பவர் இதைப் பரப்புவது இலைப்பேன் என்று காட்டினார். காரணம் ஒரு வைரஸ் என்பது 1930ல் உறுதியானது. இதில் ஒரு வேடிக்கை: இலைப்பேன் குஞ்சாக இருக்கும்போது நோயுள்ள செடியைத் தின்றால்தான் வைரஸ் அதற்குள் குடியேறும். பிறகு அது பூச்சியின் உடலுக்குள்ளேயே பெருகும். வளர்ந்த பூச்சி சாகும்வரை நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

இந்தியாவில் நிலக்கடலையைத் தாக்கிய மொட்டுக் கருகல் நோய்க்கும் இதே தக்காளி வைரஸ்தான் காரணம் என்று பல வருடங்கள் நினைத்தார்கள். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தினர், இது அதன் உறவுக்கார வைரஸ், ஆனால் வேறு என்று 1992ல் வெளியிட்டார்கள்.

இப்போது அனந்தபூருக்கு வருவோம். 2000ல் அங்கே சுமார் 2,25,000 ஹெக்டேரில் நிலக்கடலை பாதிக்கப்பட்டது. இளம் செடிகள் தண்டோடு கருகிச் செத்தன. முதலில் எல்லோரும் பழைய மொட்டுக் கருகல்தான் என்று நினைத்தார்கள். பரிசோதனையில் அந்த வைரஸ் இல்லை. இருந்தது புகையிலைக் கீற்று வைரஸ் என்ற முற்றிலும் வேறான ஒன்று.

அது பரவும் விதமும் வேறு. இந்த வைரஸ் பூச்சிக்குள் குடியேறுவதில்லை, மகரந்தத்தில் இருக்கிறது. மகரந்தம் கொடுத்தது நம் ஊர் ரோட்டோரங்களிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம். வைரஸ் உள்ளே இருந்தாலும் பார்த்தீனியத்தில் நோய்க்குறி எதுவும் தெரியாது. அதன் பூக்களில் திரியும் இலைப்பேன் உடம்பில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு கடலைச் செடிக்கு வருகிறது. இலையைச் சுரண்டித் தின்னும்போது உண்டாகும் காயத்தின் வழியாக வைரஸ் உள்ளே நுழைந்துவிடுகிறது.

நோயின் பெயர் மாறியதும் வைத்தியமும் மாறியது. பூக்கும் முன்பே பார்த்தீனியத்தைப் பிடுங்குங்கள், மகரந்தத்தோடு வரும் பூச்சியைத் தடுக்க வயலைச் சுற்றிச் சோளம் விதையுங்கள் என்று விவசாயிகளுக்குச் சொன்னார்கள். இரண்டுமே செலவு குறைந்த வழிகள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காமர்ஸ் மாணவனான என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பார்த்தீனியம் வளர்வது பெரும்பாலும் தரிசிலும் ரோட்டோரத்திலும். அங்கே களை பிடுங்க யாருக்கும் லாபம் இல்லை. பிடுங்காமல் விட்டால் நஷ்டம் பக்கத்து வயல்காரருக்கு. ஒரு விவசாயி தன் வயலை மட்டும் சுத்தமாக வைத்துத் தப்பிக்க முடியாது. ஊரே சேர்ந்து இறங்கினால்தான் உண்டு.