வெற்றிடத்தைக் கோத்தவர்

கும்பகோணத்து அச்சகம் ஒன்றில் கம்பாசிட்டராக இருந்தவன் நான். வர்ஜீனியா வுல்ஃபின் நனவோடை உத்தியைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், முதலில் அவருடைய கைவிரல்களைப் பற்றிச் சொல்லத் தோன்றும். அவரும் ஈய எழுத்துப் பொறுக்கியவர்.

1917 மார்ச்சில் வர்ஜீனியாவும் அவர் கணவர் லெனர்ட் வுல்ஃபும் லண்டன் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சிறிய கை அச்சுப்பொறி வாங்கினார்கள். எழுத்துகளோடு சேர்த்துப் பத்தொன்பது பவுனுக்குச் சற்று மேல். அச்சுப் பள்ளியில் தொழிற்சங்கப் பயிற்சியாளர்களுக்கு மட்டுமே இடம் என்று சொல்லிவிட்டதால், கூடவே வந்த 16 பக்கக் கையேடுதான் அவர்களுக்கு வாத்தியார். ரிச்மண்டில் இருந்த ஹோகார்த் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் பொறி ஏறியது. லெனர்டுக்குப் பிறவியிலேயே கைநடுக்கம். ஆகவே அவர் பொறியை இயக்க, எழுத்துக் கோப்பது வர்ஜீனியாவின் வேலையாயிற்று. மனநோயிலிருந்து மீண்டுகொண்டிருந்தவருக்குக் கைவேலை நல்லது என்று லெனர்ட் எண்ணியதும் ஒரு காரணம்.

அந்த ஜூலையில் ஆளுக்கொரு கதையாக முதல் புத்தகம் வந்தது, 150 பிரதிகள். வர்ஜீனியாவின் கதையில், சுவரில் தெரியும் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஒரு மனம் அலைகிறது. நடப்பது அவ்வளவே. அவருடைய முதல் நாவலை 1915இல் வெளியிட்டது தாயின் முதல் மணத்தில் பிறந்த அண்ணன் ஜெரால்ட் டக்வொர்த்தின் பதிப்பகம். சொந்தப் பொறி வந்த பிறகு, இப்படி ஒரு கதையை எழுத அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

படிக்கிறவர்களுக்குத் தாளின் வெள்ளை இடம் ஒன்றுமில்லாத இடம். கம்பாசிட்டருக்கு அப்படியல்ல. கவிதை வரி பாதியில் நின்றால் மீதி அளவுக்குக் குவாட் என்னும் எழுத்தில்லாத கட்டைகளைப் போட்டு அடைக்க வேண்டும். அதுவும் ஈயம், அதற்கும் கனம் உண்டு. அடைக்காமல் விட்டால், கோத்த பக்கத்தைச் சட்டத்தில் முடுக்கும்போது வரி சரிந்துவிடும். வெறுமையைக் கையால் எடுத்து வைக்கும் வேலை இது.

1920இல் ஹோப் மிர்லீஸின் ‘பாரிஸ்’ என்ற நெடுங்கவிதையை அவர்கள் அச்சிட்டார்கள், 175 பிரதிகள். அதில் ஒரு வரி எழுத்து எழுத்தாகச் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. ஓரிடத்தில் இசைக்குறிப்பும் வருகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி வரி, இருபுறமும் குவாட். எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அச்சான பிறகும் பிழைகளைப் பிரதி பிரதியாகக் கையால் திருத்தினார் வர்ஜீனியா. 1923இல் எலியட்டின் ‘பாழ்நிலம்’ கவிதையின் முதல் பிரிட்டிஷ் பதிப்பையும் அவரே கோத்தார்.

இந்த இரண்டு கவிதைகளுக்கும் நடுவில், 1922 அக்டோபரில், அவருடைய ‘ஜேக்கப்ஸ் ரூம்’ நாவல் அவர்களுடைய ஹோகார்த் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. அச்சானது வெளி அச்சகத்தில்தான். ஆனாலும் அந்தப் பக்கங்களில் நான் பார்ப்பது ஒரு கம்பாசிட்டரின் பழக்கத்தை. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே ஒரு வரி இடம், சில இடங்களில் அதற்கும் மேல்; ஒரே அளவாக இல்லை. ஜேக்கப் என்ற இளைஞன் யார் என்று நாவல் நேராகச் சொல்வதில்லை. அங்கங்கே தெரிகிறான், மறைகிறான். அவன் மறையும் நேரம் அந்த வெள்ளை இடங்களில்தான் கழிகிறது. சற்றுக் கூடுதலாக இடம் விட்டால் வாசகர் சற்றுக் கூடுதலாகக் காத்திருப்பார் என்பதை, ஐந்து வருஷம் குவாட் வைத்த கை எழுத்தாளருக்குக் கற்றுக்கொடுத்தது என்றே நம்புகிறேன்.

அடுத்து வந்த அமெரிக்கப் பதிப்பில் அந்த இடைவெளிகளில் பல சுருங்கிவிட்டன. ஒரு சொல்லைக்கூட நீக்கவில்லையே என்று அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. இந்த நாவலைத் தமிழில் கொண்டுவரும் பதிப்பாளர் 1922ஆம் வருஷத்து ஹோகார்த் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே எத்தனை வரி இடம் விட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் பக்கம் அமைக்க வேண்டும்.