ஏரியலிலிருந்து ஆப் வரை

ஏரியலைத் திருப்பித் திருப்பி தூர்தர்ஷனில் மேட்ச் பார்த்த தலைமுறை நாம். அப்புறம் கேபிள் வந்தது. இப்போது செல்போன்.

பேங்க்காரன் புத்தி, கணக்குதான் முதலில் கண்ணில் படுகிறது. 2017 ஐபிஎல் ஏலத்தில் இந்திய டிஜிட்டல் உரிமைக்கு ஃபேஸ்புக் கேட்டது 3,900 கோடி. மொத்தத்தையும் 16,347.5 கோடிக்கு ஸ்டார் அள்ளியது. 2022-ல் பிரித்து விற்றார்கள். டிவிக்கு 23,575 கோடி, டிஜிட்டலுக்கு 23,758 கோடி. முந்திவிட்டது!

2023-ல் ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. ஹாட்ஸ்டாரோடு சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனதும் 2025-ல் சந்தா வந்தது. எங்கள் பாஷையில் இது டீசர் ரேட். முதலில் குறைந்த வட்டி, ஆள் பழகியதும் ஏறும்.

2007 சட்டத்தால் இந்திய அணியின் முக்கிய ஆட்டங்கள் தூர்தர்ஷனுக்கும் கிடைக்கின்றன. ஐபிஎல்லுக்கு அது கிடையாது. ஊரில் அப்பாவுக்கு ஆப் எல்லாம் சரிப்படாது. அவருக்காகவே கேபிள்காரருக்கு மாதாமாதம் கட்டுகிறேன். உங்கள் வீட்டில் எப்படி?