கீழே விழுந்த சீட்டை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரம்மி பற்றி ஒரு தீர்ப்பு கொடுத்தது. செகந்திராபாத்தில் கிரசண்ட் ரிக்ரியேஷன் கிளப் என்று ஒரு மன்றம். அங்கே காசு வைத்து ரம்மி ஆடினார்கள் என்று போலீஸ் போட்ட வழக்கு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம், ரம்மி அப்படி இல்லை என்றார். காரணம்? விழுகிற சீட்டுகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எதைக் கையில் வைப்பது, எதைக் கீழே போடுவது என்று தெரிய வேண்டும். ஆகவே அது பிரதானமாகத் திறமை ஆட்டம்.

இந்தியாவில் சீட்டாட்டம் பற்றி இன்றுவரை நடந்த பெரிய வழக்குகள் எல்லாமே இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தன. நான் அதில் "ஞாபகம்" என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஞாபகத்தை ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அப்போதும் அது ஆடுகிறவனின் திறமைதானா?

எண்ணிக்கைக்கும் சூதுக்கும் உள்ள உறவு பழசு. மகாபாரதத்தில் நளன் கதை ஞாபகம் இருக்கா? தேரில் போகும்போது இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதில் இத்தனை இலை, இத்தனை கனி என்று சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. தேரோட்டும் வித்தையைக் கொடுத்து அந்தக் கணக்கு வித்தையை வாங்கிக்கொள்கிறான் நளன். அதை வைத்துத்தான் இழந்த நாட்டைப் புட்கரனிடமிருந்து மீட்கிறான். அந்தக் காலத்தில் சூதாடு காய்களே தான்றிக் கொட்டைதான் என்பதையும் சேர்த்துப் பாருங்க. நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் இந்தக் கதையை எடுத்துக் காட்டுகிறார்.

இருதுபன்னன் கண்ணால் செய்ததை 2001-ல் போக்கர்டிராக்கர் என்ற மென்பொருள் கணினியில் செய்ய ஆரம்பித்தது. காசு வைத்து ஆடும் முதல் இணையப் போக்கர் தளமான பிளானட் போக்கர் வந்தது 1998-ல். இணையத்தில் ஆடும் ஒவ்வொரு கைக்கும் ஒரு வரலாறு உண்டு. யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், யார் எவ்வளவு கட்டினார்கள், யார் சீட்டைக் கீழே போட்டுவிட்டு விலகினார்கள் என்பதை எல்லாம் தளமே ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக ஆடுகிறவரின் கணினியில் எழுதி வைக்கும். டிராக்கர் அந்தக் கோப்புகளைப் படித்து டேட்டாபேஸில் போட்டுக்கொள்ளும். பின்னால் வந்த பதிப்புகளில் அது போஸ்ட்கிரெஸ். நாங்கள் ஆபீஸில் பில்லிங் சிஸ்டத்துக்குப் பயன்படுத்தும் அதே சரக்கு!

அதன் மேல் ஹட் என்று ஒரு அடுக்கு. ஆடும்போதே எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் எண்கள் மிதக்கும். விபிப் என்றால், நூறு கைக்கு எத்தனை கையில் இவர் தானாக முன்வந்து காசு போடுகிறார் என்ற எண். ஆறு பேர் ஆடும் மேஜையில் நன்றாக ஆடுகிறவருக்கு இது சுமார் 20, 25 இருக்கும். 50 என்று இருந்தால் புதுசாக வந்தவர், வருகிற கையை எல்லாம் ஆடிப்பார்க்கிறார் என்று அர்த்தம். மென்பொருள் வைத்திருப்பவர் அந்த மேஜையைத்தான் தேடி வந்து உட்காருவார்.

எங்கள் ஊர்ச் சீட்டுக் கச்சேரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க. எங்கள் ஊர் திருவண்ணாமலை. கிரிவலத் திருவண்ணாமலை இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, மலைமேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் இருக்கிற ஊர். இங்கேயும் ராஜபாளையத்திலும் சீட்டு என்றால் ரம்மிதான். தினமும் ஆடுகிற நாலு பேருக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியும். ஜோக்கர் வந்தால் யார் முகம் மாறும், யார் கடைசி வரை டிராப் பண்ண மாட்டார் என்று நாலு பேருக்குமே தெரியும். ஞாபகம் இருபக்கமும் இருந்தது. இணையத்தில் ஒருவரிடம் ஐம்பதாயிரம் கையின் வரலாறு, எதிரே இருப்பவரிடம் நேற்று இறக்கிய ஆப் மட்டும்.

நியாயமாகச் சொன்னால், இதே கோப்புகள் நல்ல காரியமும் செய்திருக்கின்றன. 2007, 2008-ல் அப்சல்யூட் போக்கர், அல்டிமேட்பெட் என்ற இரண்டு தளங்களில், மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்த்துக்கொண்டே ஆடிய கணக்குகள் பிடிபட்டன. போலீஸ் அல்ல, ஆட்டக்காரர்களே சேமித்து வைத்திருந்த கை வரலாறுகளைக் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அத்தனை கை ஆடுகிற ஒருவர் அத்தனை ஜெயிக்கவே முடியாது என்பதைப் புள்ளியியலே காட்டிக்கொடுத்தது.

அடுத்து இந்த எண்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2009-ல் சிஜிடல் என்ற நிறுவனம் போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் 10.3 கோடி கைகளை ஆராய்ந்தது. அதில் சுமார் 76 சதவீதம் கைகள் சீட்டைத் திறந்து காட்டாமலே முடிந்திருந்தன. அதாவது மற்ற எல்லோரும் விலகிவிட்டதால் ஜெயித்தவை. 2012-ல் நியூயார்க்கில் டிகிறிஸ்டினா வழக்கில் ராண்டல் ஹீப் என்ற பொருளாதார அறிஞர் 41.5 கோடி கைகளோடு சாட்சி சொல்ல வந்தார். ஒரே மாதிரி சீட்டு கிடைத்தாலும் திறமைசாலிகள் அதில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று காட்டினார். நீதிபதி வைன்ஸ்டீன் ஏற்றுக்கொண்டார். போக்கரில் திறமையே மேலோங்கி நிற்கிறது, ஆகவே இந்தச் சட்டத்தின்கீழ் அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே இந்தச் சட்டத்துக்குத் தேவையில்லை என்றது.

இனி தமிழ்நாடு. 2020 நவம்பரில் அவசரச் சட்டம், பிறகு 1930-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தில் திருத்தம். 2021 ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு; தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். அந்த அக்டோபரில் பேரவையில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் சட்டமானது. ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று அட்டவணையில் சேர்த்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. நேரில் ஆடும் ரம்மிக்கும் இணைய ரம்மிக்கும் வித்தியாசம் உண்டு என்று அரசு நிரூபிக்கவில்லை என்றது. 1967-ன் ஞாபகம் மறுபடி ஜெயித்தது.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. அரசு "இது அதிர்ஷ்டம்" என்று வாதாடியது. கம்பெனிகள் "இது திறமை" என்றன. கை வரலாறுகளைப் பார்த்தால் கம்பெனிகள் சொன்னதுதான் சரி. ஆனா திறமை என்பதாலேயே ஆபத்து குறைகிறதா? ஒரு கணக்கு போடுவோம். நூறு கைக்குச் சராசரியாக 5 பிளைண்ட் ஜெயிக்கிற நல்ல ஆட்டக்காரர். நூறு கைக்கான திட்டவிலக்கம் 90 பிளைண்ட் என்று வைத்துக்கொள்வோம். 10,000 கை ஆடின பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்க நூற்றுக்கு 29 வாய்ப்பு. ஒரு லட்சம் கையில் அது 4 ஆகிவிடும். இப்போ இதைத் திருப்பிப் போடுங்க. நூறு கைக்கு 5 தோற்கிறவர் 10,000 கை வரை லாபத்தில் இருக்கவும் அதே 29 வாய்ப்பு. "நமக்கு ஆட்டம் வருது" என்று அவர் நம்புவதற்கு அது போதும். ஒரு லட்சம் கை ஆடும்போது அநேகமாக எல்லாம் போய்விடும். தினமும் மூணு மணி நேரம் நேரில் உட்கார்ந்து ஆடினால் ஒரு லட்சம் கைக்குப் பல வருஷம் ஆகும். போனில் ஒரே நேரத்தில் இரண்டு, மூணு மேஜை ஆடுகிறவருக்கு அவ்வளவு காலம் வேண்டாம். ஒவ்வொரு பந்தயத்திலும் தளம் எடுக்கும் கமிஷன் வேறு இருக்கு. அது நல்ல ஆட்டக்காரரையும் தோற்கிறவர் பக்கம் தள்ளும்.

அதிர்ஷ்டமே எல்லாம் என்றால், கமிஷனைக் கழித்துவிட்டு, தோற்கிறவரும் ஜெயிக்கிறவரும் மாறி மாறி வருவார்கள். திறமை ஆட்டத்தில் காசு ஒரே திசையில்தான் ஓடும். இதைத் தளங்களே புரிந்துகொண்டன. புதியவர்கள் சீக்கிரம் காலியாகிப் போனால் தளமும் காலியாகும். 2019-ல் பார்ட்டிபோக்கர் கை வரலாற்றை இறக்கிக்கொள்வதை நிறுத்தி, எல்லோரையும் பெயர் மாற்றச் சொன்னது. ஜிஜிபோக்கர் வெளி ஹட்களைத் தடை செய்தது. பொவாடா மேஜைகளில் பெயரே கிடையாது. நம்மூர்ச் சட்டங்களோ வயது, நேரம் என்ற பக்கத்திலிருந்து வந்தன. தமிழ்நாட்டின் 2025 விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்தை நிறுத்தின, ஆதார் கேட்டன. ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் அவை செல்லும் என்றது. எதிரே இருப்பவரிடம் என்ன மென்பொருள் இருக்கிறது என்பது பெரிய விவாதமாகவே ஆகவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையப் பண விளையாட்டு மொத்தத்தையும் தடை செய்யும் சட்டம் நிறைவேற்றியது. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, காசு கட்டினால் தடை. டிகிறிஸ்டினா மேல்முறையீட்டில் நடந்தது போலவே 1967-ன் கேள்வி ஓரமாக வைக்கப்பட்டது. தடை சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். எதிர்காலத்தில் ஒழுங்குமுறை என்று பேச்சு மறுபடி வந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி என்னைப் பொறுத்தவரை இதுதான்: இந்த மேஜையில் யாரிடம் யாருடைய கை வரலாறு இருக்கிறது? நளனாவது தேரோட்டும் வித்தையைக் கொடுத்துத்தான் கணக்கை வாங்கினான். போனில் ஆடுகிறவரின் கணக்கோ, அவருக்கே தெரியாமல் எதிராளியின் டேட்டாபேஸில் ஏறிக்கொண்டிருக்கிறது.