வாய்தா

டவாலி வராந்தாவில் நின்று வாதியின் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார். பதில் இல்லை. வக்கீலும் இல்லை. பிரதிவாதி மட்டும் வந்து நிற்கிறார். வழக்குக் கட்டில் ஒரு வரி ஏறுகிறது: ‘வாதி ஆஜராகாததால் தள்ளுபடி’. ஒரு வாய்தா தவறியதற்கான விலை அது.

வாய்தா தமிழ் வேர்ச்சொல் அல்ல. வாக்குறுதி என்று பொருள்படும் அரபுச் சொல், உருது வழியாகக் கச்சேரிகளுக்கு வந்தது. நிலவரியின் தவணைக்கும் கெடுவுக்கும் அதுவே பெயரானது. பிறகு வழக்கின் அடுத்த தேதிக்கு நிலைத்தது. இன்று ‘வாய்தா வாங்குவது’ என்றால் இழுத்தடிப்பது என்றே காதில் விழுகிறது. மூலத்தில் அது கொடுத்த வாக்கு.

வாக்குத் தவறியவருக்கும் சட்டம் ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. பிரதிவாதி வந்திருந்து வாதி வராமல் தள்ளுபடியானால், அதே வழக்குமூலத்தில் புது வழக்குப் போட முடியாது. ஆனால் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 9, விதி 9இன்படி, வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க மனுச் செய்யலாம். தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள் கெடு. அதுவும் கடந்தால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் கூடவே வேண்டும். போதிய காரணம் காட்ட வேண்டும்: ஆஸ்பத்திரிச் சீட்டு, வீட்டில் நேர்ந்த சாவு, எதுவானாலும் ஆதாரத்தோடு. மறுத்தால் மேல்முறையீடும் உண்டு. இந்த 30 நாளைத்தான் பலர், யாரும் சொல்லாததால், இழந்துவிடுகிறார்கள்.