கிட்டங்கியில் பிறந்த நட்பு

அயர்லாந்து எழுத்தாளர் ரோடி டாயிலின் ‘தி வேன்’ (1991) நாவலில், வேலையில்லாத இரண்டு டப்ளின் நண்பர்கள் ஒரு பழைய வண்டியில் மீனும் சிப்ஸும் விற்கிறார்கள். ஒரே கிண்டல், ஒரே சிரிப்பு. கடைசியில் வியாபாரமே நட்பைக் கெடுக்கிறது. தமிழில் இதற்குப் பக்கத்தில் வைக்கக் கூடியது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). போர் நாவல் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அதில் மறக்க முடியாதது, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளைஞர்கள் கூடி உட்கார்ந்து பேசும் பேச்சு!

அந்தப் பேச்சு பிறந்த இடம் கிட்டங்கி. பினாங்கு போன்ற ஊர்களில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த நீளமான கூடம் அது. வரிசையாகப் பல கடைகளின் பெட்டிகள். கடைக்கு ஒரு மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். பகலில் அங்கேயே கணக்கு, ராத்திரி அங்கேயே படுக்கை. பொதுவாக மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர்ப் பயணம். பெண்டாட்டி பிள்ளைகள் பெரும்பாலும் ஊரில். கூடவே கப்பலேறி வந்தவர் முருகன் மட்டும்தான். பழனி மலையில் கும்பிடுகிற அதே முருகன் பினாங்கில் தண்டாயுதபாணியாக நிற்கிறார். இப்படி அடைந்து கிடந்தவர்களுக்குப் பக்கத்துப் பெட்டிக்காரன்தானே உறவு?

நாவலில் பாண்டியனும் மாணிக்கமும் மற்றவர்களும் குடித்துவிட்டுத் தமிழரின் பழம்பெருமையைப் பிய்த்து எடுக்கிறார்கள். அடுத்த நிமிஷம் மதுரைத் தெருக்களை நினைத்து ஏங்குகிறார்கள். மேடைத் தமிழ் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும்.

சிங்காரத்துக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர், 1938இல் சுமத்ராவின் மேடான் நகருக்குக் கடை வேலைக்குப் போனார். 1942இல் ஜப்பானியர் அந்த ஊருக்குள் நுழைந்ததைப் பார்த்தவர். நாவலும் அங்கேதான் தொடங்குகிறது. செட்டிநாட்டு வரலாறு என்றால் பெரிய வீடுகளையும் பர்மாத் தேக்கையும் காட்டுவார்கள். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்கு எழுதியவன் எதைச் சொல்லிச் சிரித்தான் என்பது இந்த நாவலில்தான் இருக்கிறது.

1946இல் ஊர் திரும்பிய சிங்காரம், மதுரை ‘தினத்தந்தி’யில் நாற்பது வருஷம் வேலை பார்த்தார். நாவல் எழுதி முடித்து அச்சாக ஏறத்தாழ பத்து வருஷம் ஆனது. வந்த பிறகும் பெரிய பேச்சில்லை. மூன்றாவது நாவல் எழுதவே இல்லை. நண்பர் கூட்டத்தை அப்படி எழுதிய மனிதர், மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் பல வருஷம் தனியாக வாழ்ந்து, 1997இல் காலமானார்.