டாணா இல்லாத ரவுண்டானா

ராமகுப்பத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்பவர் ‘ஐந்து ரோடு ரவுண்டானா’ என்று இடம் சொல்கிறார். அவரே திருப்பதியில் ஆட்டோ ஏறினால் ‘லீலா மகால் சர்க்கிள்’ என்கிறார்; பெங்களூரில் ‘மினர்வா சர்க்கிள்’ என்கிறார். மூன்று மாநிலங்கள் கூடும் இம்மூலையில் வாழும் எங்களுக்கு ஒரே பொருளை இரு பெயர்களால் வழங்குவது இயல்பான பழக்கம். எனினும் இவ்விரு பெயர்களும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். ‘சர்க்கிள்’ வடிவத்தை மட்டும் குறிக்கிறது. ‘ரவுண்டானா’வுக்குள் ஒரு காவலர் நிற்கிறார்.

சென்னையின் பழைய மவுண்ட் ரோடும் வாலாஜா சாலையும் சந்திக்குமிடத்தில், இன்று அண்ணா சிலை நிற்கும் பகுதியில், வட்டவடிவக் காவல் சாவடி ஒன்று இருந்ததாகவும், அதனை ‘ரவுண்ட் டாணா’ என மக்கள் வழங்கியதாகவும் சென்னை வரலாற்றை எழுதியோர் கூறுவர். ‘டாணா’ இந்துஸ்தானி வழியே வந்த சொல். காவல் நிலையத்தைக் குறிப்பது. காவலரை ‘டாணாக்காரர்’ என்றழைத்த வழக்கை இன்றும் முதியோரிடம் கேட்கலாம். இவ்விளக்கத்தை ஏற்றால், நாம் அன்றாடம் புழங்கும் சொல்லில் ஒரு மனப்பாங்கு உறைந்திருப்பது புலனாகும்: நடுவில் அதிகாரம் நிற்கும், அது கைகாட்டினால் செல்வோம், தடுத்தால் நிற்போம்.

உலக வரலாற்றிலோ வட்டச் சந்திப்பு எதிர்த் திசையில் வளர்ந்தது. நடுவில் எவரும் நிற்காமலேயே போக்குவரத்து ஒழுங்குபட வேண்டும் என்பதே அதன் நோக்கமாயிற்று. வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோவின் முயற்சியால் 1905இல் நியூயார்க்கின் கொலம்பஸ் வட்டத்தில் வண்டிகள் ஒரே திசையில் சுற்றத் தொடங்கின. 1907இல் பாரிசின் எத்துவால் சதுக்கத்தில் யூஜீன் ஏனாரின் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1909 வாக்கில் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் நகரிலும் ஒரு வட்டம் அமைந்தது.

திசை தெளிவாயிற்று, முன்னுரிமை தெளிவாகவில்லை. பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்பவை. வலமிருந்து வருபவருக்கு வழிவிடுவதே அங்குப் பொதுவிதி. வட்டத்தில் அவ்விதியைப் பொருத்தினால், உள்ளே சுற்றுபவர் புதிதாக நுழைபவருக்காக நிற்க வேண்டும். நுழைவோர் பெருகப் பெருக வெளியேறும் வாய்கள் அடைபடும். வட்டம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அமெரிக்க வட்டங்கள் பலவும் இதே காரணத்தால் 1950களில் செல்வாக்கிழந்தன. பூட்டைத் திறந்தது பிரிட்டன். அந்நாட்டின் போக்குவரத்து ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பிளாக்மோரின் சோதனைகள் வழிகாட்ட, ‘நுழைபவர் காத்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவருக்கே வழியுரிமை’ என்ற விதி 1966இல் நடைமுறையானது. வட்டத்தின் வடிவத்தினும் இந்த ஒற்றை வாக்கியமே பெரிய கண்டுபிடிப்பு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள், முதன்மைச் சாலையாக அறிவிக்கப்படாத சந்திப்பில் நுழையும் ஓட்டுநர், தம் வலப்பக்கமிருந்து வருவோருக்கு வழிவிட வேண்டும் என்றன. நாம் இடப்புறம் செல்பவர்கள். நம் வட்டங்கள் கடிகார முள்ளின் திசையில் சுற்றுபவை. ஆகவே வட்டத்துள் இருப்பவர், நுழைபவருக்கு எப்போதும் வலப்பக்கத்திலேயே இருப்பார். பிரான்சில் வட்டத்தைப் பூட்டிய அதே ‘வலப்பக்க’ விதி, இந்தியாவில் வட்டத்தைத் திறக்கும் திறவுகோல். திறவுகோல் நம் கையிலேயே இருந்தும் பயன்படுத்தவில்லை. முந்தி மூக்கை நுழைத்தவருக்கே வழி என்பதே நம் வழக்காறாக நிலைத்துவிட்டது.

இவ்வழக்காற்றின் விலை உயிர். நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒரு தட வட்டத்தில் அவை 8. நேருக்கு நேர் மோதலும், பக்கவாட்டில் நேராகத் தாக்கும் மோதலும் பெரும்பாலும் நீங்கிவிடும், வேகமும் தணியும். அமெரிக்காவில் வட்டங்களாக மாற்றப்பட்ட 24 சந்திப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, காயம் விளைவிக்கும் விபத்துகள் 76 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. வரம்பும் உண்டு: மணிக்கு ஏறத்தாழ 3000 வண்டிகளுக்கு மேல் ஒரு வட்டம் தாங்காது என 1976ஆம் ஆண்டின் இந்தியச் சாலைப் பேரவை வழிகாட்டி கணித்தது. ஆயினும் சிற்றூர்ச் சந்திப்புகள் பலவற்றுக்கு அவ்வரம்பு வெகு தொலைவு. அங்கு நமக்குக் குறைவாக இருப்பது இடமன்று, பொறுமையே.

வரலாறு கற்பிக்கும் நடைமுறை எளியது. வட்டத்தை அணுகும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். வலப்பக்கம் பார்க்க வேண்டும். உள்ளே வண்டி வந்தால் நிற்க வேண்டும். நுழைந்தபின் இடையில் நின்று பிறரை அழைத்து வழிவிடுதல் கருணை போலத் தோன்றினும் வட்டத்தைப் பூட்டும் செயலே. வெளியேறுமுன் இடப்பக்கச் சைகை விளக்கை இட வேண்டும். கடக்கும் பாதசாரிக்கு நிற்க வேண்டும். லாரியும் பேருந்தும் திரும்பும்போது அவற்றின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தைவிட உட்புறமாக வெட்டிச் செல்லும். ஆதலால் இருசக்கர வாகனத்தில் செல்வோர் அவற்றின் பக்கவாட்டில் ஒட்டிச் செல்லலாகாது.

டாணாக்காரர் நின்ற காலத்தில் ஒழுங்கு வெளியிலிருந்து வந்தது. அவர் இல்லாத வட்டத்தில் ஒவ்வொருவரும் முன்பின் அறியாத ஒருவருக்காகச் சில நொடிகள் தாமே நிற்க வேண்டியிருக்கிறது. சட்டம் எழுதிய வரியைப் பழக்கமாக்கும் பொறுப்பு நம்முடையது.

ஒரு வேண்டுகோள்: வட்டச் சந்திப்புக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயரையும், அங்கு வட்டம் இன்றும் உள்ளதா, பெயர் மட்டும் எஞ்சியதா என்பதையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தொகுத்து வைக்க விரும்புகிறேன்.