குரோம்பேட்டையில் வால்வு, மேட்டூரில் சிலிக்கான்

சித்தி பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டு கவுன்சிலிங்குக்குத் தயாராகிட்டு இருக்கா. "அண்ணே, ஈசிஈ எடுக்கவா, மெட்டீரியல்ஸ் சயின்ஸ் எடுக்கவா?"ன்னு போன வாரம் போன்ல கேட்டா. ஈசிஈ படிச்சுட்டு ஜாவா தட்டிக்கிட்டு இருக்கிற ஆள்கிட்ட கேட்கிற கேள்வியா இது :-) ஆனா மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. இது ரெண்டும் எப்போ தனித்தனிப் படிப்பா ஆச்சு? நோண்டிப் பார்த்ததுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல எங்க ஊர்ப் புராணம். ஏலாக்குறிச்சின்னா அடைக்கல மாதா கோயில், அப்புறம் வீரமாமுனிவர். 1710ல இந்தியாவுக்கு வந்த இத்தாலிக்காரர், பல வருஷம் எங்க ஊர்ல தங்கியிருந்தவர். சதுரகராதி (1732) தெரிஞ்ச அளவுக்கு அவரோட இன்னொரு வேலை தெரியாது. பழைய முறைப்படி குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேல புள்ளி வைக்கணும், நெடிலுக்கு வேண்டாம். ஆனா பனை ஓலையில எழுத்தாணியால புள்ளி குத்தினா ஓலை பொத்துப்போகும். அதனால எழுதறவங்க புள்ளியையே விட்டுட்டாங்க. எரியா ஏரியான்னு இடம் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். முனிவர் புள்ளியை நம்பாம எழுத்தோட வடிவத்துலயே வித்தியாசத்தைக் கொண்டுவந்தார். நாம இன்னிக்கு எழுதற ஏ, ஓ, இரட்டைச்சுழிக் கொம்பு எல்லாம் அந்தச் சீர்திருத்தம்தான். எழுதற பொருளோட குணம் எழுத்தோட வடிவத்தைத் தீர்மானிச்சிருக்கு. மெட்டீரியல்ஸ் சயின்ஸுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியலை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

தமிழ்நாட்டுல எலக்ட்ரானிக்ஸைத் தனிப் படிப்பா ஆரம்பிச்ச கதை 1949ல குரோம்பேட்டையில தொடங்குது. சி. ராஜம்னு ஒரு தொழிலதிபர், சென்னையில இருந்த தன்னோட 'இந்தியா ஹவுஸ்' மாளிகையை வித்து அந்தக் காசுல எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். ஏரோநாட்டிகல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னாலஜி. பி.எஸ்சி. முடிச்சவங்களுக்கு மூணு வருஷப் படிப்பு. ராமேஸ்வரத்துல இருந்து, ஸ்ரீரங்கத்துல இருந்தெல்லாம் வந்து திருச்சி செயின்ட் ஜோசப்ல பிசிக்ஸ் படிச்ச பசங்களுக்கு அது ஒரு பெரிய கதவு. அப்துல் கலாம் அப்படித்தான் 1950கள்ல ஏரோநாட்டிகல் சேர்ந்தார். சேர்றதுக்கு ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டப்போ அவரோட அக்கா ஜொஹ்ரா நகையை அடகு வெச்சுக் கொடுத்ததை அவரே எழுதியிருக்கார். நம்ம வாத்தியார் சுஜாதா அதே செயின்ட் ஜோசப், அதே எம்.ஐ.டி., ஆனா எலக்ட்ரானிக்ஸ்.

அந்த 1949ஐ கவனிங்க. பெல் லேப்ஸ்ல முதல் டிரான்சிஸ்டர் வேலை செஞ்சது 1947 டிசம்பர்லதான். அதுவும் ஜெர்மானியம். சிலிக்கான் டிரான்சிஸ்டர் விற்பனைக்கு வர 1954 ஆச்சு. ஆக குரோம்பேட்டையில தொடங்கினப்போ எலக்ட்ரானிக்ஸ்னா வால்வுதான். வெற்றிடக் குழாய்க்குள்ள எலக்ட்ரான் பறக்கும், சர்க்யூட் போடறவன் உலோகத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த சொகுசு போச்சு. எலக்ட்ரான் ஓடறது படிகத்துக்குள்ள. படிகம் அழுக்கா இருந்தா சர்க்யூட் எவ்வளவு அழகா இருந்தும் பிரயோஜனமில்ல.

எவ்வளவு சுத்தம்? சிப் செய்யற சிலிக்கான் 99.9999999 சதவீதம். நூறு கோடி அணுவுல ஒண்ணு வேத்தாளா இருக்கலாம். இந்திய ஜனத்தொகை முழுசுக்கும் ஒண்ணரை ஆள் கணக்கு! அப்படிச் சுத்தம் பண்ணிட்டு, அப்புறம் நாமளே அளந்து போரானையும் பாஸ்பரஸையும் கலப்போம். வீட்டைக் கழுவித் துடைச்சுட்டு கோலம் போடற மாதிரி.

இந்தச் சுத்தத்துக்கான வேலை தமிழ்நாட்டுலயே நடந்திருக்குன்னு தெரிஞ்சப்போதான் நிமிர்ந்து உக்காந்தேன். இடம்: மேட்டூர். மணலை (சிலிக்காவை) கரியோட சேர்த்து மின் உலையில உருக்கினா முரட்டு சிலிக்கான் கிடைக்கும். அதை ஹைட்ரஜன் குளோரைடோட சேர்த்தா டிரைகுளோரோசிலேன்னு ஒரு திரவம். திரவமாச்சுன்னா காய்ச்சி வடிச்சுடலாமே, அங்கதான் அழுக்கு கழண்டுக்கும். கடைசியா ஹைட்ரஜனோட சேர்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேல சூடான மெல்லிய சிலிக்கான் கம்பி மேல படிய வைக்கணும். குளோரினும் ஹைட்ரஜனும் உப்புத்தண்ணியில கரண்ட் பாய்ச்சினாலே வரும், மேட்டூர் கெமிக்கல்ஸ் 1936ல தொடங்கின கம்பெனி, அதுதான் அவங்க தொழிலே. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில பேராசிரியர் ஏ.ஆர். வாசுதேவ மூர்த்தி ஆய்வகத்துல உருவாக்கின முறையை வெச்சு, 1980கள்ல மேட்டூர்ல மெட்கெம் சிலிக்கான் ஆலை பாலிசிலிக்கான் தயாரிச்சுது. அதே 80கள்ல டெல்லியில, அமெரிக்க ஹெம்லாக் கம்பெனியோட தொழில்நுட்பத்தை வாங்கி பெரிய ஆலை போடலாம்னு ஒரு திட்டம் வந்து, நம்மாளுங்களே செய்யும்போது எதுக்கு இறக்குமதின்னு பெரிய சர்ச்சையாச்சு. அந்தத் திட்டமும் நடக்கல. மொஹாலியில 1984ல உற்பத்தி தொடங்கின செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் 1989 பிப்ரவரியில தீப்பிடிச்சு எரிஞ்சது தனிச் சோகம்.

அவ்வளவு சுத்தமான சிலிக்கானை ஒரே படிகமா இழுக்கணுமே, அதுக்கு சோக்ரால்ஸ்கி முறை. 1916ல அந்த போலந்துக்காரர் மைக்கூட்டுல தொட வேண்டிய பேனாவைக் கவனிக்காம உருகின வெள்ளீயத்துல தொட்டு எடுத்தார், நிப்புல இருந்து ஒரு கம்பி தொங்கிச்சு, அது ஒரே படிகம். (எழுத்தாணி, பேனான்னு எழுதுகோலாவே வருது பாருங்க இந்தப் பதிவுல.) இந்த ஆராய்ச்சிக்காக அண்ணா பல்கலைக்கழகத்துல 1982ல கிறிஸ்டல் குரோத் சென்டர் வந்துச்சு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் 1978லேர்ந்து அதே பல்கலைக்கழகத்துக்குள்ளதான். காரைக்குடியில அழகப்பச் செட்டியார் 15 லட்ச ரூபாயும் 300 ஏக்கரும் கொடுத்து 1953ல திறந்த மின்வேதியியல் ஆய்வகம் இன்னொரு பக்கம்.

இவ்வளவும் மாநிலத்துக்குள்ள இருக்க, ஈசிஈ பசங்களுக்கு என்ன கிடைச்சுது? 1984க்கு அப்புறம் சுயநிதிக் கல்லூரிகள் பெருகினப்போ ஈசிஈ இல்லாத காலேஜே இல்ல. எனக்கு மெட்டீரியல்ஸ்னா இரண்டாம் செமஸ்டர் பிசிக்ஸ் ஒரு பேப்பர். கடத்தி, குறைகடத்தி, காந்தம், மின்காப்பு, புதுப்பொருட்கள், அஞ்சு யூனிட், சுபம். காலேஜ் பேர் வேணாம், அங்க ஹால் எஃபெக்ட் கிட் நாலு வருஷமும் அலமாரியிலதான் இருந்துச்சு, ரீடிங் மட்டும் சீனியர் ரெக்கார்டுல இருந்து வரும். நாலாவது வருஷம் கம்பெனிகள் வந்தப்போ எங்க வகுப்புல பெரும்பாதி சாஃப்ட்வேர் பக்கம் போனோம். அதுல எனக்கு வருத்தம் இல்ல, சோறு போடுது. ஆனா குறைகடத்தியைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின நாலு வருஷத்துல மேட்டூர் பேரை ஒருத்தரும் ஒருவாட்டி கூட சொல்லலைங்கிறதுதான் உறுத்துது.

2021 டிசம்பர்ல மத்திய அரசு செமிகண்டக்டருக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கி திட்டம் அறிவிச்சப்போ எல்லாரும் சிப் டிசைன் பத்தியே பேசினாங்க. வேஃபரைத் தேய்க்கறவங்க, வாயுவைச் சுத்தம் பண்றவங்க, படிகம் இழுக்கறவங்க எங்கிருந்து வருவாங்க? சித்தி பொண்ணுகிட்ட மெட்டீரியல்ஸ் எடுன்னு சொல்லிட்டேன், எலக்ட்ரானிக்ஸைக் கூடவே படிச்சுக்கோன்னும். சித்திதான் "கேம்பஸ்ல கம்பெனி வருமா?"ன்னு கேட்டு மடக்கிட்டாங்க, அதுக்கு பதில் தேடிட்டு இருக்கேன்.

80கள்ல மேட்டூர் ஆலையில வேலை பார்த்தவங்க, இல்ல அவங்க வீட்டுப் பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா எழுதுங்க. அந்த உலைப் பக்கம் நிக்கிறது எப்படி இருந்துச்சுன்னு கேட்கணும்.